வறுத்த மண்

இன்று காலை அலமாரிக்கு மேலே இருந்த உன் டிபன் பாக்ஸை எடுத்து மூடியைத் திறந்தேன். பழைய சாம்பார் வாசனை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தது காட்டு மண்ணின் வாசனை. மழை விட்டு இரண்டு நாள் கழித்து, மட்கிய இலைக்கு அடியில் கையை விட்டால் வருமே, அது. எத்தனை தடவை புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. மூடியில் உன் அம்மாவின் பெயரை வெட்டியிருக்கிறார்கள் இல்லையா, அந்த எழுத்துகளின் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குண்டூசியால் கிளறி எடுக்கப் பார்த்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை உன் அம்மா என்னிடம் கொடுத்தபோது, "இதுல அவ சோறு கொண்டுபோனதவிட மண்ணு கொண்டுபோனதுதான் எச்சு. நீயே வெச்சுக்க கண்ணு" என்றார்கள். இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். இன்று எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மேட்டில் ஒரு குழியில் இருந்த கன்று போன வருடமே பட்டுப்போய்விட்டது. நீ வெட்டிய குழி. அதில் வேறு கன்று வைக்க இன்று போகிறேன். போவதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும் போல் இருந்தது. எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே நாளில். உங்கள் ஊரான கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேலே, வெள்ளைக்காரர்கள் காலத்தில் நட்ட அந்நிய சீகை மரங்களை வெட்டி எடுத்த சரிவில் பழையபடி சோலைக் காட்டு மரங்களைக் கொண்டுவருவதற்காகப் போட்ட நர்சரி அது. நான் தாவரவியல் முடித்திருந்தேன். குன்னூருக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்து படிக்கவைத்தார்கள். எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். விதை சேகரிப்பதும் நாற்றுகளைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் என் வேலை. நீ பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு, கேரட் கழுவும் இடத்தில் கொஞ்ச நாள் இருந்து, அந்த ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று இங்கே வந்தவள். பையில் மண் நிரப்புவதும் தண்ணீர் ஊற்றுவதும் உனக்கு. நமக்கு ஒரே வயது. ஆனாலும் முதல் நாள் மரியாதையாகத்தான் ஆரம்பித்தாய்.

"ஏனுங்க, நீங்க டிகிரிங்களா?"

"ஆமாங்க."

"அப்ப இந்த விதைல எது தலை, எது காலுன்னு சொல்லுங்க பாக்கலாம். எந்தப் பக்கம் மேல வெச்சு ஊனறது?"

காட்டு நாவல் விதை. எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடம் படித்ததில் அதைப் பற்றி ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வராமல் நின்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "எனக்குந் தெரியாதுங்க. ரெண்டு விதமாவும் வெச்சுப் பாத்துப்போடலாமா?"

வைத்துப் பார்த்தோம். இரண்டும் முளைத்தன. தலைகீழாக வைத்தது மட்டும் கழுத்தை வளைத்துக்கொண்டு ஒரு வாரம் தாமதமாக வந்தது. "ரெண்டுந்தான் சரி பாரு புள்ள" என்றாய். அன்றைக்கே மரியாதை போய்விட்டது. எனக்கு டிகிரி என்று பெயரும் வைத்துவிட்டாய். யாராவது என் உண்மையான பெயரைச் சொல்லிக் கேட்டால்கூட, "ஆரு, நம்ம டிகிரியா?" என்றுதான் கேட்பாய்.

உன்னோடு மேடு ஏறுவது என்றால் பொறுமை வேண்டும். பத்தடிக்கு ஒரு தரம் குனிந்துவிடுவாய். சில சமயம் உட்கார்ந்தேவிடுவாய். "டிகிரி, இங்க வா. இதப் பாரு." பார்த்தால் அங்கே ஏதாவது இருக்கும். குண்டுமணி அளவில் ஆரஞ்சு நிறக் காளான் ஒன்று. இலையின் அடியில் முட்டையிட்டிருக்கும் பூச்சி. அழுகிய கிளையைப் புரட்டினால் மெல்லிய வெள்ளை நூல் வலை. நான் நிமிர்ந்து நடந்து பழகியவள். தோட்டத்தில் மலை ஏறுகிறவர்கள் நின்றால் பின்னால் வருபவர்கள் திட்டுவார்கள். உன்னால்தான் தரையைப் பார்க்கக் கற்றேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நீ ஏன் அத்தனை தடவை குனிந்தாய் என்பது எனக்குத் தெரிய வேறொரு நாள் வர வேண்டியிருந்தது.

தப்பு அந்த வெள்ளை நூலில்தான் ஆரம்பித்தது. என் தப்பு.

அந்த வருடம் நானூறு நாவல் நாற்றுகளைச் சிறிய பையிலிருந்து பெரிய பைக்கு மாற்ற வேண்டியிருந்தது. சோலை ஓரத்து மண்ணைக் கலந்து வளர்த்த நாற்றுகள். ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்த்தேன். மண் முழுக்க வெள்ளை நூல். பையை அப்படியே கீழே போட்டுவிட்டேன். ஏன் என்று உனக்குப் பிறகு சொன்னேன், ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் வேர் நோய் வந்த தேயிலைச் செடிகளைத் தோண்டி எடுக்கும் ஆட்களில் அப்பா ஒருவர். செடி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், திடீரென்று ஒரு நாள் மொத்தமாகக் காய்ந்துவிடும். தோண்டினால் வேர்ப்பட்டைக்கு அடியில் வெள்ளையாகப் படர்ந்திருக்கும். செடியை வேரோடு எடுத்து, சுற்றிப் பள்ளம் வெட்டி, அங்கேயே கொளுத்துவார்கள். அப்பா வீட்டுக்கு வந்தால் பூட்ஸை வாசலுக்கு வெளியே கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். "வெள்ளையக் கண்டா யோசிக்கப்படாது மகள், நெருப்புத்தான்" என்பார். படித்த படிப்பைவிட அதுதான் எனக்குள் ஆழமாகப் போயிருந்தது.

நீ அன்றைக்கே கேட்டாய். "காட்டுல எலைக்கு அடியில எல்லாம் இப்படித்தான புள்ள இருக்குது? அங்க மரம் ஒண்ணுஞ் சாகலையே?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் யோசித்திருக்கலாம். நான் சொன்னது, "இது நோய். எங்கப்பாவுக்குத் தெரியும்." அதுவரை நான் உன்னிடம் அவ்வளவு உறுதியாக எதுவுமே பேசியதில்லை. நீயும் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு அடுத்த பையை எடுத்தாய்.

நர்சரியைப் பார்த்துக்கொண்ட சாரிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பழைய மண்ணை முழுவதும் உதறிவிட்டு, வேரை மருந்துத் தண்ணீரில் முக்கி, சூடுபடுத்திச் சுத்தம் செய்த மண்ணில் நடவேண்டும் என்று. கோயம்புத்தூர்க்காரரான அவருக்குப் படித்த பிள்ளைகள்மேல் மரியாதை. படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மூன்று நாள் மண் வறுத்தோம். செங்கல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, அடியில் சீகை விறகு. நீ முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியால் கிளறினாய்.

"ஏம்புள்ள டிகிரி, ரவை பொன்னிறமா வந்துருச்சு. இறக்கிரட்டுமா?"

"இன்னும் கொஞ்சம்."

"கடுகு, கறிவேப்பிலை வேண்டாமா? மரத்துக்கு வாய்க்கு ருசியா இருக்க வேண்டாமா?"

பக்கத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வறுத்த மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. காட்டு மண்ணின் வாசனைக்கு நேர் எதிரானது. சுட்ட ஓடு மாதிரி, வெறுமையாக இருக்கும். அப்போது எனக்கு அது சுத்தத்தின் வாசனையாகத் தெரிந்தது.

நாற்றுகள் சாகவில்லை. செத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவை அப்படியே நின்றன. ஒரு மாதம், இரண்டு மாதம். புது இலை வரவில்லை. இருக்கிற இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறியது. நான் நோட்டில் வாராவாரம் எழுதினேன்: உயரம் அதே, இலை அதே, ஊதா நிறம் கூடியிருக்கிறது. பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து போதாமல் போனால் ஊதா வரும் என்று படித்திருந்தேன். மண்ணில் எருவோடு மணிச்சத்தும் போட்டிருந்தோம். அது அங்கே இருந்தது, செடிக்கு எட்டவில்லை.

ஒரு நாள் சார் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். நாற்றுகளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஏம்மா, ஒழுங்கா தண்ணி ஊத்தறயா இல்லையா? இந்த ரெண்டு மாசத்துல ஒரு இலை வரலையே." நீ, "ஊத்தறனுங்க சார்" என்றாய். அவர் நம்பவில்லை. "சரி, நீ நாளையிலிருந்து மேல குழி வெட்டற ஆளுங்களோட போ. தண்ணிக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். கையில் நோட்டு இருந்தது. மண்ணை மாற்றச் சொன்னது நான்தான் என்று ஒரு வரி. அதுதான் வேண்டியிருந்தது. நோட்டைப் புரட்டினேன். அதற்குள் சார் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். என் முதல் வேலை அது. லயத்தில் எல்லோரிடமும் அம்மா சொல்லி முடித்திருந்தாள். அதெல்லாம் காரணம் என்று இப்போது எழுதலாம். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மேல காளான் நெறைய இருக்குமாமா, பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கீழே வைத்தாய்.

குழி வெட்டுகிற இடம் நர்சரியிலிருந்து செங்குத்தான ஏற்றம். ஒரு பக்கம் வெட்டிய சரிவு, இன்னொரு பக்கம் பழைய சோலையின் ஓரம். நீ மதியம் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வருவதை நிறுத்திவிட்டாய். இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே என்பாய். சோம்பேறி என்று நான் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு எழுதுகிற கை நின்றுவிடுகிறது.

குழியையும் நீ உன் இஷ்டத்துக்குத்தான் வெட்டினாய். எல்லோரும் சதுரமாக வெட்ட, நீ மட்டும் வட்டமாக. இடைவெளி அளக்கும் குச்சியையும் எங்கேயோ போட்டுவிட்டு நெருக்கி நெருக்கி வெட்டிவைத்தாய். சார் சத்தம் போட்டதற்கு, "தனியா நிக்கறதுக்கு அதுகளுக்குப் பயமா இருக்குமுங்க சார்" என்றாயாம்.

மேலே போன முதல் வாரமே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ இந்த டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். "தொற" என்றாய். உள்ளே ஈரக் கறுப்பு மண்.

"டிகிரி, நான் ஒண்ணு பாத்தேன். சோலை ஓரத்துல பெரிய நாவ மரம் இருக்குதல்ல, அதுக்கு அடியில விழுந்த விதை அதுவாவே மொளைச்சுக் கிடக்குது. ஆரும் தண்ணி ஊத்தல, எரு போடல. பச்சப்பசேல்னு நிக்குது. அங்கிருந்து பத்தடி தள்ளி, ரோடு போட மண்ண வழிச்சாங்களே, அங்கயும் அதே விதைதான் மொளைச்சிருக்குது. ஆனா பாரு, நம்மளுது மாதிரியே ஊதா. ஒரே மரம், ஒரே மழை. மண்ணு மட்டுந்தான் வேற."

நான் மண்ணைக் கையில் எடுத்தேன். அதில் வெள்ளை நூல் இருந்தது. அப்போதுதான் கல்லூரியில் கேட்ட ஒரு வகுப்பு நினைவுக்கு வந்தது. பரீட்சைக்கு எழுதி மறந்துபோன பாடம்: வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழ்வது. இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் பூஞ்சைக்குக் கொடுக்கும். வேர் நுழைய முடியாத சந்துகளில் எல்லாம் பூஞ்சை தன் இழையை நுழைத்துத் தண்ணீரையும் மணிச்சத்தையும் வேருக்குக் கொண்டுவரும். உன்னிடம் சொன்னேன்.

"அப்ப வேருக்குக் கை எட்டாத எடத்துக்கு இது கைய நீட்டி எடுத்துக் குடுக்குது" என்றாய்.

"ஆமாம்."

"நாம அந்தக் கையத்தான் வறுத்துப்போட்டமா?"

நீ டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாய். "ரெண்டு விதமாவும் வெச்சுப் பாத்துப்போடலாமா?"

கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த இருபது பைகளை எடுத்துக்கொண்டோம். வேர் பக்கத்தில் விரலால் துளை போட்டுப் பைக்கு ஒரு பிடி. வெளி மண் நர்சரிக்குள் வரக்கூடாது என்று நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது; அதனால் டிபன் பாக்ஸில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. தினமும் காலையில் சோறு மேலே போகும், சாயங்காலம் மண் கீழே வரும். ஒரு நாள் அவசரத்தில் நீ சரியாகக் கழுவாமல் விட்டு, மறுநாள் தயிர்சாதத்தில் மண் கடித்தது. "பரவால்ல, எனக்கும் கொஞ்சம் மணிச்சத்து ஏறட்டும்" என்றாய்.

நாலு வாரம் ஒன்றுமில்லை. ஐந்தாவது வாரம் ஒரு நாற்றின் நுனியில் சிவப்பாக ஒரு புதுத் தளிர் எட்டிப்பார்த்தது. பிறகு இன்னொன்று. இருபதும் அல்ல, மூன்று கடைசி வரை அப்படியே நின்றன. மற்றவற்றில் ஊதா மெல்ல வடிந்து பச்சை ஏறியது. நீ மேலிருந்து இறங்கி வந்து நேராகத் தொட்டிக்குப் பின்னால்தான் போவாய். "அது இருக்குதுன்னு நம்பறேன். ஆனா எனக்கு அதப் பாக்கணும் டிகிரி. எப்படி இருக்கும் அது?"

அந்தச் சனிக்கிழமை உன்னை நான் படித்த கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். ஊட்டி பஸ்ஸில் நீ சன்னல் ஓரம், உன் மடியில் ஈரத்துணியில் சுற்றிய வேர். ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் என்னைப் பார்த்து, "அட, வாயே தெறக்காத புள்ளையா? இப்பவாவது பேசுதா?" என்று கேட்டார். நீ, "இல்லீங்ணா, அதுக்குத்தான் நான் கூட வந்திருக்கேன்" என்றாய்.

வேரை ஆய்வகத்துக் காரக் கரைசலில் வேகவைத்து நிறத்தை எடுத்தோம். பிறகு வினிகரில் பேனா மையைக் கலந்து ஊறவைத்தோம். "இதென்னங்ணா, ஊறுகாயா?" என்று அவரையும் சிரிக்கவைத்தாய். கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் நான் முதலில் பார்த்தேன், பிறகு உனக்கு இடம் விட்டேன். நீ ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாய். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"வேருக்குள்ள ஒரு நூல் போகுது. நீலமா." கொஞ்சம் பொறுத்து, "ஒவ்வொரு அறைக்குள்ளயும் போயி கெளை கெளையாப் பிரியுது. டிகிரி, இது மரம். வேருக்குள்ள குட்டிக் குட்டி மரம் இருக்குது."

அப்படித்தான் இருந்தது. அதன் பெயருக்கே குட்டி மரம் என்றுதான் பொருள் என்று நான் சொன்னதும், "பேரு வெச்சவன் என்னையாட்டம் பாத்திருக்கான்" என்று பெருமைப்பட்டாய். இன்னொன்றையும் அன்று அங்கே இருந்த புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். நான் பையில் கண்டு பயந்த வெள்ளை நூலில் பெரும்பகுதி மட்கிய இலையைத் தின்னும் வேறு பூஞ்சையாக இருக்கும். வேருக்கு உதவுவது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. நான் பயந்தது ஒன்றைப் பார்த்து, கொன்றது நான் பார்க்கவே பார்க்காத இன்னொன்றை. நீ அதைக் கேட்டுவிட்டுப் பேச்சை உங்கள் கேத்திக் காய்கறிக் காட்டுக்குக் கொண்டுபோய்விட்டாய். கேரட்டுக்கு இது உண்டா? உண்டு. முட்டைக்கோசுக்கு? புத்தகத்தைப் புரட்டினேன். கோசு குடும்பத்துக்குக் கிடையாது, அது பெரும்பாலும் தனியாகவே சமாளிக்கும். நீ மேசையைத் தட்டினாய். "அதானே! அந்தத் திமிருக்குத்தான் மூட்டை மூட்டையா உரங் கேக்குது."

திரும்பும்போது பஸ்ஸில் நீ தூங்கிவிடுவாய் என்று நினைத்தேன், அவ்வளவு களைப்பாக இருந்தாய். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இவ்வளவு அழகா இருக்கறதையா நாம வறுத்தோம்."

மறுபடியும் நாம். நீ கிளறியது மண்வெட்டியால். வறுக்கச் சொன்னவள் நான். ஆறு வாரமாக மேட்டில் கல் பெயர்த்தவள் நீ, நிழலில் நோட்டு எழுதியவள் நான். பழியில் பாதியை நீயாகவே எடுத்து உன் மடியில் வைத்துக்கொண்டாய், அந்த ஈரத்துணியைப் போல. அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் சார் டீ கிளாஸோடு கொட்டகை வாசலில் நின்றார். நான் போய் எதிரில் நின்றேன். "சார், கொஞ்சம் வாங்க" என்று தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனேன். பச்சை நாற்றுகளையும் ஊதா நாற்றுகளையும் காட்டினேன். "எல்லாத்துக்கும் ஒரே தண்ணி சார். இதுக்கு மட்டும் காட்டு மண் ஒரு பிடி. மண்ணை வறுக்கச் சொன்னது நான். தப்பு என்னோடது. அவ ஒழுங்காத்தான் தண்ணி ஊத்தினா." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் ஒரு பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மண்ணை மாத்தச் சொன்னது நீன்னு எனக்குத் தெரியாதாம்மா? நான்தானே கையெழுத்துப் போட்டேன். அதனால இப்படி ஆகும்னு எனக்கும் தெரியல." பையைக் கீழே வைத்தார். "ஆனா அந்தப் புள்ளைய நான் சத்தம் போட்டப்ப நீ பக்கத்துலதான் நின்ன."

ஆமாம் என்று தலையாட்டினேன். "போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

ஓடித்தான் ஏறினேன். நீ ஒரு வட்டக் குழியின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாய். உன் உதடு நீலம் பாரித்திருந்தது. காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். நாற்றின் இலையில் ஊதா எவ்வளவு என்று வாராவாரம் குறித்து வைத்தவள் நான்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"பேசிப்போட்டியா?" முகமெல்லாம் சிரிப்பு உனக்கு. "உனக்கு வாய் வர ஆறு வாரம். பரவால்ல போ, நாத்துக்குத் தளிர் வரவும் அத்தன நாள்தான் ஆச்சு. இரு, இந்தக் குழிய முடிச்சுட்டு வாரேன்."

மிச்சம் இருந்த எல்லாப் பைகளுக்கும் காட்டு மண் போட்டோம். மழைக்காலத்தில் அவற்றை மேட்டில் நட்டோம். நீ வாளிக்குத் திரும்பினாய். அடுத்த பனிக்காலத்தில் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி என்றார்கள். நான் பார்க்க வருவதற்குள் உன் உடலைக் கேத்திக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்தே உன் இதயத்தில் கோளாறு இருந்தது என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மேடு ஏறப்படாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு கண்ணு. இவ, 'நாத்துக்குத் தண்ணி ஊத்தறதுதாம்மா வேலை, ஏத்தமே இல்ல'ன்னு என்கிட்டப் பொய் சொல்லிட்டே போயிருக்கா." வேலை போய்விடும் என்று எங்களிடமும் சொல்லவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நீ குனிந்தது மூச்சு வாங்க. இதப் பாரு என்று என்னைத் தரையைப் பார்க்கவைத்தது, உன் முகத்தை நான் பார்க்காமல் இருக்க.

அன்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வறுத்த மண், நான் நின்ற இடம், அந்த ஆறு வாரம். யாரும் கேட்காமல் நானாகப் பேசியது அதுதான் இரண்டாவது தடவை. உன் அம்மா அழவில்லை, திட்டவில்லை. "அந்த ஆறு வாரந்தான் அவ ஊட்டுக்கு வந்து தூங்கற வரைக்கும் பேசிட்டே கெடந்தா. மண்ணு, வேரு, பூசணம்னு. எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்கள். உள்ளே போய் இந்த டிபன் பாக்ஸை எடுத்துவந்தார்கள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீ குனிந்தது மூச்சுக்காகவா, அல்லது உண்மையாகவே பார்க்கத்தானா? இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். மூச்சுக்காக மட்டும் என்றால் அந்தப் பெரிய நாவல் மரத்தடியில் பச்சைக்கும் ஊதாவுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு ஏன் தெரிய வேண்டும்? நீ இருந்தால், ரெண்டுந்தான் சரி என்பாய்.

இங்கே நிறுத்திவிட்டு மேலே போனேன். இப்போது சாயங்காலம். கை கழுவிவிட்டு மீதியை எழுதுகிறேன்.

உன் வட்டங்களை இன்றும் கண்டுபிடிக்க முடிகிறது. குழி மூடிப் புல் முளைத்துவிட்டாலும், மழை பெய்தால் தண்ணீர் வட்டமாக நிற்கிறது. உன் கன்றுகள் இப்போது என் இடுப்பு உயரம். காலியான குழியில் இருந்ததைப் போன வருடம் காட்டெருமை மிதித்துவிட்டது. காய்ந்த குச்சியைப் பிடுங்க எனக்கு மனம் வராமல் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண் ஒருத்தி கன்றைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள். புதிதாக வரும் எல்லோரிடமும் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்: "இங்க ஒரு தடவை மண்ணை வறுத்துட்டோம். வறுக்கச் சொன்னது நான். பழி வேற ஒருத்திமேல விழுந்தப்ப பேசாம நின்னதும் நான்." இவளிடமும் சொல்லியிருந்தேன். பாதி வழியில் நான் குனிந்தபோது, "மூச்சு வாங்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, "உனக்கு வாங்குதா? வாங்கினாச் சொல்லிரணும். ஏறாத வேலையும் இங்க இருக்குது" என்றேன்.

சோலை ஓரத்து மரத்தடியில் மண் எடுத்து உன் டிபன் பாக்ஸை நிரப்பிக்கொண்டு குழிக்குப் போனேன். குச்சியைப் பிடுங்கி மண்ணைக் கிளறினேன். கட்டியாக இருக்கும் என்று நினைத்தேன். உதிரியாக, கறுப்பாக, ஈரமாக வந்தது. அதன் நடுவே பழுப்பு நிறத்தில் நூல் போல ஒரு வேர், உயிரோடு. காய்ந்த கன்றின் வேர் இல்லை. பின்தொடர்ந்து தோண்டினேன். பக்கத்துக் குழியிலிருந்து, நீ நெருக்கி வெட்டிய அந்தப் பக்கத்துக் குழியிலிருந்து வந்திருந்தது. இந்தக் கன்று போன பிறகும் இந்த மண் சும்மா இருக்கவில்லை.

ஒரு தடவை நீ கேட்டாய்: மரம் செத்துப்போனா அது வேருல இருந்த பூஞ்சை என்ன பண்ணும், கூடவே செத்துருமா, பக்கத்து மரத்துக்குப் போயிருமா? தெரியாது என்றேன். அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். சில பக்கத்து வேரைப் பற்றிக்கொள்ளும், சில மண்ணில் விதை மாதிரி காத்திருக்கும், எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது என்று அறிந்தவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். உன் குழியில் இருப்பது எது என்று எனக்குத் தெரியாது. மை கலந்து பார்த்தால்தான் தெரியும். அந்த வேரில் நகத்தளவு எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ஊட்டி போகிறேன். அந்தப் பெண்ணும் வருகிறேன் என்கிறாள்.

புதுக் கன்றை உன் மண்ணிலேயே வைத்தேன். நான் கொண்டுபோன மண் அதற்குத் தேவைப்படவில்லை. அதைத் திரும்பச் சோலை ஓரத்திலேயே கொட்டிவிட்டு, உன் குழி மண்ணில் இரண்டு பிடி எடுத்து டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். கீழே இந்த வருடத்து நாற்றுகள் பைக்கு மாறக் காத்திருக்கின்றன.

இப்போது அது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. நாளைக்கு என் சாப்பாட்டு டப்பாவோடு இதையும் அந்த நாற்றுகளிடம் கொண்டுபோக வேண்டும்.